குலுக்கையில் இருப்பதெல்லாம் விதையல்ல

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் விதைப்புக்கு ஏற்ற ஈரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கி மண் பதத்துக்கு வந்தால், சில நாட்களுக்குள் சோளமோ பருத்தியோ உளுந்தோ உள்ளே போய்விட வேண்டும். போட்ட விதை முளைக்காமல் போனால் மறுவிதைப்புக்கு ஈரம் நிற்காது. அதனால் விவரமான சம்சாரி, குலுக்கையில் விதை இருக்கிறது என்ற தெம்பில் மட்டும் இருந்துவிடுவதில்லை. மழைக்கு முன்பே ஒரு கை அள்ளி, நூறு எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி வைப்பார். நான்கைந்து நாள் கழித்து விரித்து, முளைத்தவற்றை எண்ணுவார். சான்று பெற்ற விதையென்றால் சோளத்தில் நூற்றுக்கு 75, பருத்தியில் 65 முளைக்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. வண்டு குடைந்து உள்ளே கூடாகிப்போன விதையும் வெளியே பார்க்க முழுசாகத்தான் இருக்கும். நனைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கணினியில் எடுத்துவைக்கும் பேக்கப்பும் இதே இயல்புடையது. பென் டிரைவில் ஃபைல் இருக்கிறது, பெயர் சரியாக இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவும் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஹார்டு டிஸ்க் படுத்த நாளில் அதை ரீஸ்டோர் செய்யப் போனால் 'ஃபைல் பழுதடைந்துள்ளது' என்ற ஒற்றை வரிதான் திரையில் வருகிறது. பேக்கப் தேவைப்படும் நாளும் கரிசல் மழை போலத்தான்: சொல்லிக்கொண்டு வராது, இரண்டாம் வாய்ப்பும் தராது. பேக்கப்பை எடுத்துவைப்பது பாதி வேலை. விரித்துப் பார்ப்பதுதான் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி ஏன் அவசியம், விரிக்க முடியாமல் போவது எதனால், போனால் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

சிட்டையிலிருந்து கணினிக்கு

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நூல் வரவு, பாவு எண்ணிக்கை, நெசவுக் கூலி எல்லாம் ஒரு காலத்தில் சிட்டைப் புத்தகத்தில் இருந்தன. இன்று அவற்றில் பெரும்பகுதி கணினியில் இருக்கிறது. நூற்பாலையின் சம்பளப் பட்டியல், சாயப்பட்டறையின் வரவு செலவு, ஆடிட்டர் அலுவலகத்தின் வாடிக்கையாளர் கணக்கு, ஸ்டுடியோவின் கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் பதிவு என்று ஊரின் நினைவில் பாதி மின்னணுவாகிவிட்டது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஏடுகளை வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு ஒரு சாதாரணக் கணினி பழுதில்லாமல் ஓடும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். ஆக, இந்தக் கணக்குகளின் ஆயுள் உண்மையில் பேக்கப்பின் ஆயுள்தான்.

சிட்டைப் புத்தகத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரு பக்கத்தில் மழைத்தண்ணீர் பட்டால் அந்தப் பக்கம் மட்டும்தான் போகும். மற்றப் பக்கங்களைப் படிக்கலாம். சுருக்கிக் கட்டிய பேக்கப்பில் ஓர் எழுத்து பழுதானால் மொத்தக் கட்டுமே திறக்காமல் போகலாம். ஏன் இந்த வேறுபாடு என்று புரிய, அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டுக்குள் என்ன இருக்கிறது

நாம் அதிகம் பயன்படுத்தும் கட்டு முறை ஜிப். 1989இல் அமெரிக்காவில் ஃபில் கட்ஸ் என்பவர் உருவாக்கியது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளான பி, கே இரண்டும் இன்றும் ஒவ்வொரு ஜிப் ஃபைலின் தொடக்கத்திலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஜிப் செய்யும் முதல் வேலை சுருக்குவது. ஒரு சேலையின் பார்டரில் ஒரே மாங்காய் உருவம் இருநூறு தடவை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு மாங்காயையும் வரைந்து காட்டத் தேவையில்லை. ஒன்றை வரைந்து, 'மேலே போட்டதையே திரும்பப் போடு' என்று எழுதினால் போதும். 1977இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் இருவரும் வகுத்த முறையின் சாரம் இதுதான். அதோடு, அடிக்கடி வரும் குறிகளுக்குச் சின்னக் குறியீடும் அரிதாக வருபவற்றுக்கு நீண்ட குறியீடும் தரும் டேவிட் ஹஃப்மனின் 1952ஆம் ஆண்டு முறையும் சேர்ந்துகொள்கிறது.

சுருக்குவதில் இருக்கும் ஆபத்தும் இந்த உதாரணத்திலேயே இருக்கிறது. 'இருபது இழைக்கு முன் போட்டதைத் திரும்பப் போடு' என்ற குறிப்பில் இருபது என்பது இருபத்தொன்று ஆகிவிட்டால் அந்த மாங்காய் கோணும். அதைப் பார்த்துப் போடும் அடுத்ததும் கோணும். அதற்குப் பின்வரும் நெசவு முழுவதும் தடம் மாறும். சுருக்கிய கட்டில் ஒரே ஒரு பிட் மாறினால் நடப்பது இதுதான்.

இரண்டாவது வேலை சரிபார்ப்பு எண் பதிவது. பேரேட்டில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போடுவது போல, கட்டில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கணக்குப் போட்டு ஓர் எண்ணை எழுதிவைக்கிறது ஜிப். சிஆர்சி எனப்படும் இந்த முறையை 1961இல் வெஸ்லி பீட்டர்சன் வகுத்தார். எண்ணின் நீளம் 32 பிட். அதாவது சுமார் 429 கோடி எண்களில் ஒன்று. விரிக்கும்போது கணினி மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்க்கும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் 'சிஆர்சி பிழை' என்று அறிவிக்கும். இந்த எண் பழுதைக் காட்டிக்கொடுக்குமே தவிர, சரிசெய்து தராது.

மூன்றாவது வேலை பொருளடக்கம் எழுதுவது. எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலை ஜிப் கட்டின் கடைசியில் வைக்கிறது. திறக்கும் மென்பொருள் முதலில் கடைசிப் பகுதிக்குப் போய் அந்தப் பட்டியலைத்தான் தேடும். இந்த ஒரு செய்தி நினைவிலிருந்தால் பாதிப் பிழைகளுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

பாதியில் அறுந்த கட்டு

பேக்கப் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போகிறது. அல்லது முடிந்துவிட்டது என்று நினைத்துப் பென் டிரைவைச் சட்டென்று உருவிவிடுகிறோம். திரையில் நூறு சதவீதம் தெரிந்தாலும் கணினி சில பகுதிகளைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகுதான் எழுதும். அதனால்தான் 'பாதுகாப்பாக எடு' என்ற கட்டளை இருக்கிறது. இடையில் அறுந்தால் வால்பகுதி எழுதப்படாமல் போகும். பொருளடக்கம் இருப்பது அந்த வாலில். ஆகவே முன்னால் உள்ள ஆயிரம் ஃபைல்கள் நன்றாகவே இருந்தாலும் மென்பொருள் 'இது ஜிப் ஃபைலே இல்லை' என்று கைவிரிக்கும்.

இன்னொரு காரணம் நான்கு ஜிபி எல்லை. பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய முறையில் அமைக்கப்பட்டு வருகின்றன. அதில் ஒரு ஃபைலின் உச்ச அளவு 4,29,49,67,295 பைட். கணக்கு வளர்ந்து பேக்கப் அந்த அளவைத் தாண்டும் நாளில் சில மென்பொருள்கள் பிழை காட்டி நிற்கும்; சில, எழுதிய வரையில் விட்டுவிட்டுப் போகும். மூன்று ஆண்டு ஒழுங்காக நடந்த பேக்கப் திடீரென்று திறக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபைலின் அளவு நான்கு ஜிபியை ஒட்டி நின்றுவிட்டதா என்று பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். தொடக்க கால ஜிப் முறைக்கும் இதே நான்கு ஜிபி எல்லையும், ஒரு கட்டில் 65,535 ஃபைல்கள் என்ற எல்லையும் இருந்தன. 2001இல் வந்த விரிவாக்கம் அவற்றை நீக்கியது. ஆனால் பழைய மென்பொருளில் திறப்பவர் இன்றும் அந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்.

இந்த வகைப் பழுதில் ஓர் ஆறுதல் உண்டு. ஒவ்வொரு ஃபைலின் முன்னாலும் அந்த பி, கே முத்திரை இருப்பதால், பழுதுநீக்கும் கருவி கட்டை முதலிலிருந்து படித்து, முத்திரைகளைத் தேடிப் புதிய பொருளடக்கம் தயாரித்துவிடும். அறுந்த இடம் வரை உள்ளவை கிடைத்துவிடும். எல்லா ஃபைல்களையும் ஒன்றாக ஒட்டிப் பிறகு மொத்தமாகச் சுருக்கும் கட்டு முறைகளும் உண்டு. அவற்றில் அளவு நன்றாகக் குறையும். ஆனால் நடுவில் ஒரு பழுது விழுந்தால் அதற்குப் பின்னுள்ளவற்றை மீட்பது கடினம்.

வெயிலும் பென் டிரைவும்

பென் டிரைவில் தகவல் எப்படித் தங்குகிறது? மிகச் சிறிய அறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் அதன் தொழில்நுட்பம். அறையின் சுவர் மின்காப்புப் பொருள். அந்தச் சுவர் வழியாக எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். பலமுறை எழுதி அழித்த அறைகளின் சுவர் தேய்ந்திருப்பதால் அங்கே கசிவு இன்னும் அதிகம். விலை குறைவான வகைகளில் ஓர் அறைக்குள் மூன்று பிட், நான்கு பிட் என்று திணிக்கிறார்கள். அதாவது எட்டு அல்லது பதினாறு அளவு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கொஞ்சம் கசிந்தாலே ஒரு நிலை இன்னொன்றாகிவிடும்.

நினைவகத் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த அளவுகோல் இது: இதே வகை நினைவகம் கொண்ட, சாதாரணக் கணினிகளுக்கான எஸ்எஸ்டி, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். நிறுவனங்களுக்கான வகை 40 டிகிரியில் மூன்று மாதம் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை போட்ட தறிக்கூடத்து மேசை டிராயருக்குள் கிடக்கும் மலிவான பென் டிரைவுக்கு அந்த எண்கள் ஓர் எச்சரிக்கை. எழுதிப் போட்டுவிட்டு ஐந்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்க ஏற்ற பொருள் அது கிடையாது.

போலிப் பென் டிரைவும் உண்டு. மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது எட்டு ஜிபி நினைவகம். கணினியிடம் 64 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியிருப்பார்கள். எட்டு ஜிபி தாண்டியதும் புதிதாக எழுதுவது பழையதன் மேல் விழும் அல்லது காணாமல் போகும். ஃபைல் பெயர்கள் மட்டும் அழகாகத் தெரியும். புதிதாக வாங்கும் பென் டிரைவை முழுவதும் நிரப்பி, நிரப்பியதை மறுபடி வாசித்து ஒப்பிடும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. முக்கியமான எதையும் வைப்பதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

தமிழ்ப் பெயர் வைத்தால்

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. தமிழில் பெயர் வைப்பது நம் உரிமை. சிக்கலைத் தெரிந்துகொண்டு வைத்தால் போதும்.

'அருப்புக்கோட்டை' என்று பெயர் வைக்கிறோம். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோட் முறையில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 15 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக 45 பைட். விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறிகள் வரை ஏற்கும். லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டிகள் பொதுவாக 255 பைட்தான் ஏற்கும். தமிழில் அது 85 குறிகள். விண்டோஸில் நீளமாக வைத்த தமிழ்ப் பெயர், சேமிப்புப் பெட்டியில் விரிக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று தடைபடுவது இதனால்தான்.

இன்னும் நுட்பமான சிக்கல் அந்தப் பெயரிலுள்ள 'கோ'வில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் எழுதலாம்; இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். முதல் முறையில் ஊர்ப் பெயர் 45 பைட், இரண்டாம் முறையில் 48 பைட். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை எல்லாப் பெயரையும் இரண்டாம் வடிவத்துக்கு உடைத்தே வைக்கும். அங்கிருந்து வந்த கட்டை இன்னொரு கணினியில் விரித்தால், 'அருப்புக்கோட்டை' என்ற ஃபோல்டர் இரண்டு நிற்கலாம். அல்லது கண்ணெதிரே இருக்கும் ஃபைலை 'இல்லை' என்று மென்பொருள் சொல்லலாம்.

ஜிப் முறையில் யூடிஎஃப்-8 பெயர்களுக்கான அடையாளம் 2006இல்தான் சேர்ந்தது. அந்த அடையாளம் இல்லாமல் கட்டிய பழைய கட்டுகளில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ அடிக்கோடுகளாகவோ மாறிக் கிடக்கும். எல்லாப் பெயரும் ஒரே மாதிரி கோடுகளானால், விரிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று எழுதி முந்தியதை அழிக்கும். அப்போது மென்பொருள் 'மேலெழுதட்டுமா?' என்று கேட்டால் சம்மதிக்கக் கூடாது. தானாகப் பெயர் மாற்றும் தேர்வைக் கொடுக்க வேண்டும். ஃபைல்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். பெயரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

திறந்தும் பயன்படாதவை

கட்டு ஒழுங்காகத் திறக்கிறது, பிழையே இல்லை, ஆனாலும் உள்ளே இருப்பது உதவாது என்ற நிலையும் உண்டு. கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபோல்டரை அப்படியே நகலெடுப்பது இதற்கு முதல் காரணம். தகவல்தளம் பல ஃபைல்களில் எழுதிக்கொண்டிருக்கும். ஒன்று பத்து மணி நிலையிலும் மற்றொன்று பத்து மணி ஒரு நிமிட நிலையிலும் நகலாகும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. மென்பொருளிலேயே இருக்கும் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துவது அல்லது மூடிவிட்டு நகலெடுப்பதுதான் முறை.

மாற்றங்களை மட்டும் சேமிக்கும் தொடர் பேக்கப்பில் வேறொரு ஆபத்து. ஞாயிறு முழுசு, திங்கள் முதல் சனி வரை அன்றன்றைய மாற்றம் என்று வைத்தால் இடம் மிச்சமாகும். செவ்வாய்க்கிழமைக் கட்டு பழுதானால் புதன் முதல் சனி வரை உள்ளவை நன்றாக இருந்தும் பயன்படாது. பூட்டிய கட்டின் கடவுச்சொல்லைப் போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டாலும் அதே கதிதான். இன்றைய நல்ல மறையாக்கத்தை உடைக்கும் வழி யாரிடமும் இல்லை.

அச்சகங்களுக்கு எழுத்துருச் சிக்கல். சிவகாசி முதல் அருப்புக்கோட்டை வரை பேஜ்மேக்கர் மென்பொருளில் ஆயிரக்கணக்கான பத்திரிகைகளும் காலண்டர்களும் உருவாயின. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. அந்தப் பழைய ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்து வைத்திருந்தால்தான் இன்று அதைப் படிக்க முடியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் திரையில் தெரியும்.

ஐந்து வழி இருந்தும்

இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு நேர்வது என்று நினைக்க வேண்டாம். மென்பொருள் வல்லுநர்களின் நிரல்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இது. இரவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர், துணைச் சர்வரில் அழிக்க நினைத்ததை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் கட்டளையை நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தகவல் 4.5 ஜிபியாகச் சுருங்கியிருந்தது.

அவர்களிடம் ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தினசரிப் பேக்கப் இருக்க வேண்டிய மேகச் சேமிப்பிடம் காலியாக இருந்தது. தகவல்தளம் 9.6ஆம் பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பு. இரண்டும் பொருந்தாமல் பேக்கப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. மின்னஞ்சல் அமைப்பின் சரிபார்ப்பு விதியால் அவை திருப்பப்பட்டன, யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில், வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. அதையும் மெதுவான வட்டிலிருந்து நகலெடுக்கப் பல மணி நேரம் பிடித்தது. இடையிலான ஆறு மணி நேரத்தின் பதிவுகள் போயே போய்விட்டன. அந்த நிறுவனம் நடந்த அனைத்தையும் மறைக்காமல் பொதுவில் எழுதிவைத்ததால்தான் நாம் இன்று பாடம் படிக்க முடிகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நம் நாட்டு நிகழ்வு ஒன்று. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் பல நாட்கள் கையால் எழுதப்பட்டன. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மருத்துவமனைத் தகவல்கள் மீட்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் வட்டையும் இத்தகைய தாக்குதல் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரு நகலாவது கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கட்டு திறக்காவிட்டால்

பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் பழுதைவிட அதிகச் சேதம் செய்கின்றன. ஆகவே ஒழுங்கு முக்கியம்.

முதலில், அந்தப் பென் டிரைவிலோ வட்டிலோ புதிதாக எதையும் எழுதாதீர்கள். புதிய பேக்கப்பைப் பழையதன் மேல் எடுத்துவிடாதீர்கள். கட்டை வேறொரு நல்ல வட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலின் மேல்தான் எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும். ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே கழற்றிவிட்டுத் தகவல் மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொண்டுபோங்கள். சத்தமில்லாமல் சில இடங்களில் மட்டும் நகல் நிற்கிறது என்றால், பழுதான இடங்களைத் தாண்டிப் போய் நல்லவற்றை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும் டிடிரெஸ்க்யூ போன்ற இலவசக் கருவி உதவும்.

அடுத்து அளவைப் பாருங்கள். முந்தைய மாதக் கட்டு 900 எம்பி, இது 40 எம்பி என்றால் பேக்கப் எடுக்கும்போதே பழுது நேர்ந்திருக்கிறது. அளவு சரியாக இருந்தால் 7-ஜிப் மென்பொருளில் அந்தக் கட்டின் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுங்கள். அதே கணினியில் மீண்டும் ஒருமுறை கணக்கிடுங்கள். எண் தடவைக்குத் தடவை மாறினால் குற்றம் கட்டின் மேல் இல்லை. கேபிள், யூஎஸ்பி துளை, கணினியின் ரேம் இவற்றில் ஒன்றின் மேல் இருக்கிறது. வேறு கணினிக்கு மாறுங்கள். பலர் இந்த ஒரு படியைத் தவறவிட்டு நல்ல பேக்கப்பைக் குப்பையில் போடுகிறார்கள்.

பிறகு அதே மென்பொருளில் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். எந்தெந்த ஃபைல் பழுது என்ற பட்டியல் கிடைக்கும். நாம் தேடும் கணக்கு ஃபைல் அதில் இல்லாமலே இருக்கலாம். விரிக்கும்போது பழைய கணக்கு இருக்கும் இடத்தின் மேல் விரிக்காதீர்கள். விண்டோஸில் முழு முகவரிக்கும் 260 எழுத்து என்ற பழைய எல்லை இன்னும் பல மென்பொருள்களில் இருக்கிறது. ஆகவே வட்டின் தலைவாசலிலேயே ஓரெழுத்துப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கி அங்கே விரியுங்கள். சுருக்கிய கட்டைப் போலப் பல மடங்கு காலியிடம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொருளடக்கம் போயிருந்தால் வின்ரார் போன்றவற்றிலுள்ள பழுதுநீக்கும் கட்டளை கைகொடுக்கும். எதுவும் கைகூடாவிட்டால் முந்தைய பேக்கப்புக்குப் போய், விடுபட்ட நாட்களை மட்டும் வங்கி அறிக்கை, பில் புத்தகம், ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த விவரங்கள் கொண்டு மறுபடி பதிவு செய்யலாம். கொஞ்சம் உழைப்புத்தான். எல்லாம் போய்விட்டது என்று உட்கார்ந்துவிடுவதைவிட மேல்.

பழுது வருவதற்கு முன்பே மருந்து சேர்த்துக் கட்டும் முறையும் இருக்கிறது. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையின் ஒரு மூலையில் கறை படிந்தாலும் பணம் போய்ச் சேர்கிறதே, அதற்குக் காரணம் 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த முறை. தகவலோடு கொஞ்சம் கூடுதல் குறிகளைச் சேர்த்தால், ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து அதைக் கணக்கிட்டு மீட்கலாம். ரார் கட்டில் 'மீட்புப் பதிவு' என்ற தேர்வைக் குறித்தால் இதே பாதுகாப்பு நம் பேக்கப்புக்கும் கிடைக்கும். சில சதவீதம் இடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

திருமழபாடி சொல்லும் பாடம்

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் வைத்தியநாதர் கோயில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1013இல், அதன் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். சுவர்களில் நிலக்கொடைகளும் விளக்குக் கொடைகளும் கல்வெட்டுகளாக இருந்தன. பிரிப்பதற்கு முன் அவை அனைத்தும் படியெடுத்து வைக்கப்பட்டன. அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1026இல், அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். நகலெடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அரசன் மாறிய பின்னும், பதின்மூன்று ஆண்டு கழித்தும், அதை இருக்க வேண்டிய இடத்தில் திரும்ப வைத்து முடித்தார்கள். கொடைகள் தொடர்ந்ததற்கான சான்று இன்றும் அந்தச் சுவரில் நிற்கிறது.

நமக்குக் கல்லும் உளியும் தேவையில்லை. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் எளிமையாக வகுத்துச் சொன்ன 3-2-1 விதி போதும்: மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறொரு இடத்தில். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, வெளியூர் உறவினரிடமோ மேகச் சேமிப்பிலோ ஒன்று. அதோடு நம் சம்சாரி கற்றுத்தரும் நான்காவது விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மாதம் ஒருமுறை நனைத்துப் பார்ப்பது.

சோளத்தில் நூற்றுக்கு 75 முளைத்தால் விதைக்கலாம். பேரேட்டில் நூற்றுக்கு 75 கிடைத்தால் கணக்கு நேராகாது. ஆகவே பேக்கப்பில் சோதனை இன்னும் கறாராக இருக்க வேண்டும். இந்த மாதக் கடைசி நாளில் உங்கள் பேக்கப்பை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய் விரியுங்கள். பச்சைக் குறி வந்ததும் எழுந்துவிடாதீர்கள். கணக்கு மென்பொருளில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைப் பாருங்கள். அசல் கணினியில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு மணி நேர வேலை. அந்த நோட்டில் தேதி விழாத எந்தப் பேக்கப்பையும் பேக்கப் என்று கணக்கில் கொள்ளாதீர்கள்.